மரைக்காருக்கு வைத்த பம்பரக் கட்டை

நான் எழுத வந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்முனைக்குடியில் என்னைத் தெரிந்தவர்கள் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கடைப் பலகையை வாசிக்கப் போதும், அவ்வளவுதான். அதைவிட, நான் வாய் திறக்காத ஆள். எதிரே வருகிறவர் சலாம் சொல்ல முதல் ஒழுங்கை மாறி அடுத்த தெருவால் போய்விடுவேன் என்று என் மனைவி ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாள். மரக் கடைச்சல் தொழிலுக்கு வந்திருக்கும் இளம் பிள்ளைகள் நீங்கள் ஒன்றுகூடி, "காக்கா, எங்களுக்கு ரெண்டு வார்த்த கதைங்க" என்று கேட்டபோது நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். கதைக்க மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். கடதாசி என் முகத்தைப் பார்க்காது.

உளி பிடிக்கும் விதத்தை நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் விரலில் இரத்தம் வந்து தெரிந்துவிடும். கை நடுங்கத் தொடங்கியதால் நேரத்தோடே உளியை வைத்துவிட்டவன் நான். கையை விட்டுவிட்டுத் தலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லலாம்.

நீங்கள் மோட்டரில் கடைகிறீர்கள். ஐம்பதுகளில் எங்கள் மோட்டர் ஒரு மனிதர். பட்டறையில் பூட்டிய மரத்தைச் சுற்றி ஒரு தோல் வார் போகும். அதன் இரண்டு நுனியையும் பிடித்து அவர் மாறி மாறி இழுப்பார். மரம் முன்னுக்கும் பின்னுக்குமாகச் சுழலும். முன்னுக்கு வரும்போது நான் உளியை வைப்பேன். வார் இழுக்கும் அண்ணன் என்று அவரை ஊரெல்லாம் வார்க்காக்கா என்றே கூப்பிட்டது. உங்கள் மோட்டருக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டரை நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். வார்க்காக்காவை நிறுத்தினால் அப்போதுதான் சத்தம் தொடங்கும்.

மரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விறகாகும் மரம், விறகாகாத மரம் என்று இரண்டே சாதி அவருக்கு. ஆனால் மனிதர்களை அவருக்குத் தெரியும். எனக்கு அதில் காற்பங்கு தெரிந்திருந்தால் இன்று உங்கள் முன்னால் நின்றே கதைத்திருப்பேன்.

எங்கள் பட்டறை பள்ளிவாசல் காணியில், மதிலோடு ஒட்டிய தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் இருந்தது. வேறு இடம் எனக்கு இல்லை. நம் பக்கத்து ஆண்களின் நிலை உங்களுக்குத் தெரியாததா? கலியாணம் முடித்தால் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போக வேண்டும். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. மாமி முதல் நாளே சொல்லிவிட்டா: "மருமகன் வரலாம். மரத்தூள் வரப்படாது." ஆகவே கொட்டில் போனால் தொழில் போகும். மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டியும் வரும். இரண்டில் எது பெரிய நட்டம் என்று நான் எழுத விரும்பவில்லை.

கட்டில் கால், தொட்டில் குமிழ், மருதமுனைத் தறிக்காரருக்கு நூல் சுற்றும் குச்சி என்று வேலை வரும். அவற்றில் மிஞ்சும் துண்டுகளில் பம்பரம் கடைவோம். சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும், கரைவலைத் தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடக்கும், தாடி வைத்த மனிதர்கள் வேலையில்லாமல் திரிவார்கள். அவர்கள்தான் எங்கள் வாடிக்கை. கருவாட்டைப் பந்தயம் வைத்து ஆடுவார்கள். தோற்றவனின் பம்பரத்தில் வென்றவன் தன் ஆணியால் குத்துவான். அப்போது அந்த மனிதர் முகத்தைப் பார்த்தால் அவருடைய தோணியில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். பம்பரம் ஆடாமல் அசையாமல் நின்று சுற்றினால் அது உறங்குகிறது என்போம். "தம்பி, போனமுற தந்தது உறங்கிதில்ல, குடிகாரன் மாதிரி தள்ளாடுது" என்று சண்டைக்கு வருவார்கள்.

இது பிடிக்காத ஒருவர் இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெரிய மரைக்கார். பெரிய என்றது பதவியை மட்டுமல்ல. அவர் வந்தால் கொட்டிலுக்குள் முதலில் நிழல் வரும், பிறகு வயிறு வரும், கடைசியில்தான் சலாம் வரும். ஒரு நாள் அப்படி வந்து நின்றார்.

"அடேய், பள்ளிட காணிக்குள்ள என்னடா சூது?"

நான் உளியைப் பார்த்தேன். வார்க்காக்கா, "சூதில்ல மரைக்கார், பம்பரம்" என்றார்.

"கருவாடு வெச்சு ஆடுறானுகள். அது சூதில்லாம சுன்னத்தா, நபி வழியா? மாரி முடியட்டும், இந்தக் கொட்டிலப் புடுங்கி எறியிறன்."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்சம் குரலைத் தணித்தார்.

"அது கிடக்கட்டும். சந்தூக்குட கால் ஒண்டு வெடிச்சிரிக்கி. போன மையத்த வெக்கக்குள்ள கிறீச்செண்டு சத்தம். அந்தாள் ஒல்லி, தப்பிட்டான். நாலு காலையும் கழட்டி அனுப்புறன், புதுசாக் கடஞ்சு தா."

சந்தூக்கு என்றால் மையத்தை, இறந்தவரின் உடலை, சுமந்து போகும் மரப்பெட்டி. அதற்குச் சாண் உயரத்தில் நாலு கால் இருக்கும். தோளில் போகும்போது அவற்றுக்கு வேலையில்லை. பள்ளியில் தொழுகைக்காக இறக்கி வைக்கும்போதும் குழி வெட்டிய கபுறடியில் வைக்கும்போதும்தான் பாரம் முழுக்க அவற்றில் இறங்கும்.

"நீங்க ஏன் மரைக்கார் இப்பவே அவசரப்படுறீங்க?" என்றார் வார்க்காக்கா.

"நான் அவசரப்படல்லடா. என்ட உடம்பப் பாத்தியா? நான் மவுத்தாகினா சந்தூக்கு என்னத் தூக்குமா, நான் சந்தூக்கத் தூக்கிறதா?"

அவரே சிரித்தார். வார்க்காக்காவும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று யோசித்து முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் நாலு காலையும் கொண்டுவந்து போட்டார். பழைய பாலை மரம். எத்தனையோ காலத்து சாம்பிராணிப் புகையும் எண்ணெயும் ஏறி, கரிக்கட்டை மாதிரி இருந்தது. நாலும் ஒரே அளவில்லை, துளைக்குத் துளை வித்தியாசம். அளவெடுக்க அழுக்கைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பட்டறையில் ஏற்றி மேல் தோலை மட்டும் சுரண்டினேன். என் கைக்கு ஒரு பழக்கம், பட்டறையில் ஏறியது பளபளக்காமல் இறங்கக் கூடாது. கை தானாகவே மெழுகை எடுத்து நாலுக்கும் தேய்த்துவிட்டது. வெடித்த காலின் வெடிப்புக்குள் மெழுகு போய் அடைத்துக்கொண்டது. பிறகு நல்ல முதிரை மரத்தில் புதுக் கால் நாலு கடைந்தேன். அவற்றுக்கு மெருகு போடும் நேரம் பார்த்து வார் அறுந்தது.

புது வார் வாங்க நான் சந்தைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து மோதினார் வந்திருக்கிறார். மூலையில் எட்டுக் கால் கிடக்கிறது. நாலு பளபளக்கிறது. நாலு தூள் படிந்து வெளிறிக் கிடக்கிறது. நீங்களாயிருந்தால் எதை எடுப்பீர்கள்? மோதினார் பளபளப்பதை எடுத்துக்கொண்டு, "மத்தத அடுப்புக்குப் போடுங்க" என்று வார்க்காக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பள்ளியில் அவரே பூட்டியும் பார்த்திருக்கிறார். பொழுதுபட என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், தம்பி! என்ன கை உங்கட கை! பழைய கால் மாதிரியே அச்சொட்டாப் பூட்டுப்பட்டிரிச்சு" என்றார். யாராவது புகழ்ந்தால் எனக்கு நிலம்தான் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். புகழ்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் பிள்ளைகளே. நான் ஒன்று கேட்டிருந்தாலும் இந்தக் கதை இல்லை.

அடுத்த நாள் காலை கொட்டிலுக்குப் போனால், வார்க்காக்கா எனக்கு முதல் வந்து பழைய கால்களை அரிந்து பம்பரத்துக்குத் துண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். கரைவலைக்காரருக்குக் கொடுக்கவாம். புது வாரைப் பூட்டி முதல் துண்டை ஏற்றினேன். தோளைக் கடைந்து, கயிறு சுற்றும் வரியையும் போட்டேன். உளியிலிருந்து மஞ்சள் சுருள் வந்தது. பாலை மஞ்சளாக வராது. முகர்ந்து பார்த்தேன். முதிரை.

"காக்கா, வார இழுக்காம விடுங்க" என்றேன்.

"என்னடா?"

"இது புதுக்கால்."

"புதுக்கால மோதினார் கொண்டு போயிட்டாரே?"

"அவர் கொண்டு போனது பழசு."

வார்க்காக்கா துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, என்னைப் போலவே முகர்ந்தும் பார்த்தார். அந்த நேரத்தில் ஒழுங்கையில் சைக்கிளில் ஒருவர் கத்திக்கொண்டு போனார். பெரிய மரைக்கார் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பின் மவுத்து. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் அடக்கம்.

ஊரிலேயே பாரமான மனிதர். அவரே பயந்து மாற்றச் சொன்ன வெடித்த கால். அந்தக் காலின் மேலேதான் ஊர் முழுக்கப் பார்க்க அவரை வைக்கப் போகிறார்கள்.

நாங்கள் மோதினாரைத் தேடி ஓடினோம். விசயத்தைக் கேட்டதும் அவர் கைகால் கழுவும் ஹவுள் தொட்டியடியில் குந்திவிட்டார்.

"என்ட வேல போயிரும். புள்ளகுட்டிக்காரன் நான். வெளிய மூச்சு உட்டுராதீங்க. அல்லாஹ் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாத்துக்கொண்டுதான் இரிப்பான்," என்றார் வார்க்காக்கா. "காலத் தாங்கிப் பிடிக்கிறது நாமதான். சந்தூக்கு எங்க?"

"மையத்து வீட்டுக்குப் போயிட்டு."

அங்கே போனோம். முற்றமெல்லாம் மாரி வெள்ளம். சேற்றில் வைக்க முடியாமல் சந்தூக்கை, உட்காரும் நீள வாங்கு இரண்டின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கால் நாலும் வாங்குக்கு வெளியே அந்தரத்தில் தொங்கின. வீட்டில் அது உடையாது, உடைந்தால் பள்ளியில்தான். மரைக்காரின் மூத்த மகன் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். இனி நிர்வாகத்துக்கு அவர்தான் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போய்ச் சொல்ல நினைத்தேன். கை கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சலாம் மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றேன். மையத்து வீட்டில் நின்று, உங்கள் தகப்பனின் சந்தூக்கை நாங்கள் பம்பரமாக்கிவிட்டோம் என்று எந்த வார்த்தையில் தொடங்குவது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

திரும்பி நடக்கும்போது வார்க்காக்கா கேட்டார்: "அந்த வாங்குகள பள்ளிக்குள்ள கொண்டு போவமா?"

"வாங்கு உயரம். இமாமுக்கு முன்னால அவ்வளவு உசரத்தில வெக்க உடமாட்டாங்க," என்றேன். சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டது. கால் தேவையில்லை. பெட்டியின் சட்டத்துக்கு அடியில் எதுவாவது தாங்கினால் போதும்.

அசருக்கு முன் நாலு கால் கடைய மரமும் இல்லை, நேரமும் இல்லை. கொட்டிலில் கிடந்த மற்ற மரமெல்லாம் மாரி ஈரம் குடித்திருந்தது. காய்ந்ததும் உறுதியானதும் அந்த முதிரைத் துண்டுகள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளைத்து, பம்பரத்துக்கு வைத்திருந்த ஆணிகளை அடித்து, நாலு கட்டையாக இறுக்கத் தொடங்கினேன். நாலாவது கட்டைக்கு ஒரு துண்டு குறைந்தது. நான் அரைகுறையாகக் கடைந்த அந்தப் பம்பரம்தான் மிச்சம். அதையும் வைத்து அடித்தேன்.

உயரத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

"கால் அளவுக்கே வெட்டு தம்பி. உயர்ந்து தெரிஞ்சா ஆளுக்கு ஆள் கேப்பாங்க."

"இல்ல காக்கா, ஒரு நகக் கனம் கூடுதலா இரிக்கணும். சரிசமனா வெச்சா காலும் பாரம் எடுக்கும். அது உடைஞ்சு கொடுத்தா ஆள் ஒரு பக்கம் சரிஞ்சிருவார்."

"அப்ப ஆக்கள் கேக்கிறதுக்கு நீயா பதில் சொல்லுவாய்?"

"நீங்க சொல்லுங்க."

அவர் கட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார். "சரி," என்றார். "நீ மரத்தப் பாரு. மனிசர நான் பாக்கிறன்." எனக்குத் தெரிந்து தொழிலில் இதைவிட நல்ல ஒப்பந்தம் ஒன்று இல்லை. உங்களில் வாய் உள்ளவன் கை உள்ளவனோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் தனக்கே இருக்கிறது என்று நினைக்கிறவனிடம் தள்ளி நில்லுங்கள்.

அசர் தொழுகை முடிந்தது. இமாமுக்கு முன்னால் பாயில் நாலு கட்டையையும் அளந்து வைத்தோம். கலிமாச் சத்தத்தோடு சந்தூக்கு வாசலுக்கு வந்தது. தூக்கியவர்கள் எல்லாம் கரைவலைக்காரர்கள், வேறு யாரால் அந்தப் பாரம் ஏலும்? அவர்கள் முகமே நீலம் பாரித்திருந்தது. வார்க்காக்கா முன்னுக்குப் போய், பாங்கு சொல்லுகிற மாதிரி ஒரு குரல் எடுத்தார்.

"கட்டையில வைங்க! கட்டையில வைங்க! சட்டம் கட்டையில வரோணும்!"

ஒரு கிழவர் தலையைத் திருப்பினார். "இது என்ன புதுசா?"

"பெரிய மரைக்காருக்கு," என்றார் வார்க்காக்கா.

"ஆ... பெரிய மரைக்காருக்கா," என்று அந்தக் கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். பெரிய மரைக்காருக்கு, பெரிய மரைக்காருக்கு என்று அது சஃப்பு சஃப்பாக, வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கச் சட்டம் கரைத்துக் குடித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு காரியத்தை உரத்த குரலில் தயங்காமல் சொன்னால், காரணம் கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கண்டேனே தவிர, எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

சந்தூக்கு இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தேன். சட்டம் கட்டையில் இருந்தது. கால் நாலும் பாயில் படாமல் ஒரு நகக் கன இடைவெளியில் நின்றன. மரைக்கார் அசையவில்லை. சந்தூக்கு அசையவில்லை. நல்ல பம்பரம் உறங்குவதுபோல இருந்தது. மையத்துத் தொழுகை முடியும்வரை நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

தொழுகை முடிந்து மறுபடி தூக்கினார்கள். தூக்கிய அதிர்வில் அந்த வெடித்த கால், ஒருத்தரும் தொடாமல், கழன்று விழுந்தது. பாயில் டொக்கென்று விழுந்து உருண்டு, நேராக மூத்த மகனின் காலடியில் போய் நின்றது.

சனம் கலிமாச் சொல்லிக்கொண்டு சந்தூக்கோடு வாசலுக்கு நகர்ந்தது. அவர் மட்டும் நின்று, குனிந்து அதை எடுத்தார். மெழுகு உதிர்ந்து வெடிப்பு வாயைப் பிளந்திருந்தது. உள்ளே பழைய கறுப்பு. அவர் நிமிர்ந்தபோது எதிரே நான், கட்டைகளை அணைத்துக்கொண்டு நிற்கிறேன். மோதினார் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். வார்க்காக்காவைப் பார்த்தேன். மனிசரை நான் பார்க்கிறேன் என்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வாப்பா மாத்தச் சொன்ன காலெல்லோ?" என்றார் மகன்.

"ஓம்," என்றேன்.

"அப்ப புதுக்கால் எங்க?"

வேறு பதில் ஒன்று இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கையில் இருந்த கட்டையை நீட்டினேன். "இதுதான்."

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நேரம் பார்த்து அது நாலாவது கட்டை. மேல் துண்டில் தோள் வளைவு இருக்கிறது, கயிறு சுற்றும் வரி இருக்கிறது. விரலால் அந்த வரியைத் தடவினார். கல்முனைக்குடியில் பிறந்த ஆண் எவனுக்கும் அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"மாறிப் போச்சு," என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "கொட்டில்ல... துண்டு போட்டிட்டம். வாப்பா உழுந்திரக் கூடாதெண்டு..."

"பம்பரத்துக்கு மேலயா என்ட வாப்பா இவ்வளவு நேரமும் உறங்கினாரு?"

அவருடைய உதடு துடித்தது. தோளில் கிடந்த சால்வையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கியது. வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்து, "மனே, பொறு மனே, சபூர் செய்" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் முதுகைத் தடவினார். இன்னொருவர் தானும் அழுதார். சால்வைக்கு மேலே தெரிந்த அவருடைய கண் என்னைப் பார்த்தது. கண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது எதற்கு ஓடிய கண்ணீர் என்று அந்தப் பள்ளிக்குள் அவரைத் தவிர எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். கொஞ்சம் கழித்து, நடுவில் அது உண்மையான அழுகையாகவும் மாறியது. அதையும் பார்த்தேன்.

அணைத்தவர்களை விலக்கிக்கொண்டு அவர் கட்டையை என் கையில் திருப்பித் தந்தார்.

"கபுறடியிலயும் வெக்கணும். கெதியாக் கொண்டு வா."

நான் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஜனாஸா ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடினேன். அடக்கம் செய்யும் மையவாடியில் ஈர மண். வார்க்காக்காவுக்கு வாய் திரும்பி வந்திருந்தது. "கட்டையில வைங்க" என்றார். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க நினைத்த ஒருவருக்கு அந்தக் கிழவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காய்ந்த முதிரை வேறாக வாங்கி நாலு கால் கடைந்து, மெருகும் போட்டு, நானே பள்ளிக்குக் கொண்டு போய்ப் பூட்டினேன். கொட்டிலைப் பிடுங்குவது பற்றி யாரும் கதைக்கவில்லை. பின்னேரம் அடுத்த ஒழுங்கையில் ஒரு வயதான மனிசி மவுத்தாகி, அவவின் மகன்மார் தங்கள் உம்மாவுக்கும் கட்டை வைக்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். மோதினார் வந்து நாலு கட்டையையும் வாங்கிக்கொண்டு போனார்.